மீனுக்கு வெண்ணெய் சாஸ்: குன்னூர் குளிர்லயும் பிரியாம வர்றதுக்கு

முதல்லயே சொல்லிடறேன், இது வெண்ணெய உருக்கி பூண்டு தட்டிப்போட்டு மேல ஊத்தற சமாச்சாரம் இல்ல, அதுவும் நல்லாத்தான் இருக்கும், அத கடைசில ரெண்டு வரில சொல்லிடறேன். இப்ப சொல்லப்போறது சின்ன வெங்காயத்த வினிகர்ல போட்டு சுண்ட வச்சு, அதுல ஜில்லுனு இருக்கற வெண்ணெய துண்டு துண்டா போட்டு அடிச்சு அடிச்சு க்ரீம் மாதிரி கொண்டு வர்ற சாஸ். மாவு கிடையாது, முட்டை கிடையாது. பிரான்ஸ்ல இதுக்கு பெர் ப்ளாங்னு பேரு, வெள்ளை வெண்ணெய்னு அர்த்தம், லுவார்னு ஒரு ஆறு ஓடுது அங்க, அந்த ஆத்து மீனுக்கு ஊத்தி சாப்பிட்டுப் பழகினதுதான் அப்புறம் கடல் மீன், இறால், நண்டுன்னு எல்லாத்துக்கும் போச்சு.

எனக்கு இத கத்துக்குடுத்தது எங்க பெரியப்பா. குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களால முப்பது வருஷம் பட்லரா இருந்தவர், பிரெஞ்சு பேரெல்லாம் அவருக்குத் தெரியாது, "மீன் பட்டர்"னு தான் சொல்வாரு. அவர் பக்கத்துல நின்னு பாத்தப்ப ரொம்ப சுலபமா இருந்துச்சு. நானும் வீட்ல ரெண்டு ரூம் ஹோம்ஸ்டே வச்சிருக்கேன், ஒரு டிசம்பர்ல சென்னைலருந்து வந்த கெஸ்ட்டுக்கு இறால் வறுத்து இந்த சாஸ செஞ்சு ஊத்தினேன், சட்டில அவ்ளோ அழகா இருந்துச்சு, தட்டுல ஊத்தி டேபிளுக்கு கொண்டு போயி ஸ்பூன் ஃபோர்க் எடுத்து வைக்கறதுக்குள்ள மேல வெள்ளையா மெழுகு மாதிரி படிஞ்சு போச்சு. பாவம் அவங்க ஒண்ணும் சொல்லல, ஓரமா ஒதுக்கி வச்சிட்டு இறால மட்டும் சாப்பிட்டாங்க. சரி சூடு பத்தலன்னு அடுத்த தடவ நல்லா தளதளன்னு சூடு பண்ணேன், இந்த தடவ சட்டியிலயே எண்ணெ தனியா தண்ணி தனியா பிரிஞ்சு நின்னுச்சு. பெரியப்பாகிட்ட போய் கேட்டா சிரிக்கறாரு. "டேய், வெண்ணெய் உருகக்கூடாதுடா, இளகணும்"னாரு. அவ்ளோதான் சொன்னாரு, மேல ஒண்ணும் விளக்கல, அவரு அப்படித்தான்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குப் புரிய ரொம்ப நாளாச்சு. வெண்ணெய்ல 80 சதவீதம் கொழுப்பு, மிச்சத்துல பெரும்பகுதி தண்ணி, கொஞ்சூண்டு பால்ல இருந்து வர்ற புரதம் அது இதுன்னு இருக்கும். வெண்ணெயா இருக்கும்போது கொழுப்புக்கு நடுவுல தண்ணி சின்னச் சின்ன துளியா மாட்டிக்கிட்டு இருக்கும். நாம வினிகர் தண்ணில போட்டு அடிக்கும்போது அது அப்படியே தலைகீழா மாறுது, தண்ணிக்கு நடுவுல கொழுப்பு துளித்துளியா மிதக்குது, அந்தத் துளிகள் ஒண்ணோட ஒண்ணு சேராம இருக்கறதுக்கு அந்தப் பால் புரதந்தான் மேல போர்வை மாதிரி போத்திக்குது. சூடு கிட்டத்தட்ட 58 டிகிரிய தாண்டினா அந்தப் போர்வை விலகிரும், கொழுப்பு எல்லாம் ஒண்ணா சேந்து மேல மிதக்கும். அதே சமயம் 30 டிகிரிக்கு கீழ எறங்கினா கொழுப்பு உறைய ஆரம்பிச்சிரும், உறைஞ்சத மறுபடி சூடு பண்ணா அதுவும் பிரிஞ்சிரும். ஆக இந்த சாஸுக்கு 30லருந்து 58 வரைக்கும்தான் உயிர். மெட்ராஸ்ல சமையல்கட்டே 34 டிகிரி இருக்கும், அவங்களுக்கு கீழ்ப்பக்கம் பயமே இல்ல, சூடு ஏறிடாம பாத்தா போதும். நமக்கு டிசம்பர் ஜனவரில ராத்திரி பத்து டிகிரிக்கு வந்துரும், ஊட்டில புல்லு மேல உறைபனியே விழும், ஆனா நெட்ல இருக்கற ரெசிபி எல்லாம் சூட்டப் பத்தி மட்டும் எச்சரிக்கும், குளிரப் பத்தி ஒருத்தரும் வாய் தெறக்க மாட்டாங்க. நமக்கு பாதி பிரச்சன அங்கதான்.

ஆனா குளிர்ல ஒரு லாபமும் இருக்கு. வெண்ணெய் ஜில்லுனு இருக்கணும்ல, ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்து வெட்டி தட்டுல வச்சிட்டு நீங்க வெங்காயம் உரிச்சு முடிக்கற வரைக்கும் அது அப்படியே கல்லு மாதிரி நிக்கும். கீழ ஊர்ல வெட்டும்போதே கையோட ஒட்டும்.

வாங்கறதப் பத்தி. வெண்ணெய் உப்பு போடாததா இருந்தா நல்லது, கடைல அன்சால்டட், இல்லன்னா குக்கிங் பட்டர்னு கேட்டா குடுப்பாங்க. உப்பு போட்ட மஞ்சள் பட்டர்தான் கிடைக்குதுன்னா அதுலயும் செய்யலாம், ஆனா சாஸுக்கு தனியா உப்பு போடவே போடாதீங்க, மீனுக்கும் பாதி உப்பு போதும். ஃபேட் ஸ்ப்ரெட், மார்ஜரின் இதெல்லாம் டப்பா பாக்க பட்டர் மாதிரியே இருக்கும், லேபிள படிச்சிட்டு வாங்குங்க, அதுல இந்த சாஸ் தேறாது. நெய்யும் ஆகாது, நெய்ல தண்ணியும் இல்ல பால் புரதமும் இல்ல, போத்திக்கறதுக்கு போர்வையே இல்லாம என்னத்த அடிச்சாலும் எண்ணெயாத்தான் நிக்கும். வீட்ல கடைஞ்ச வெண்ணெய் இருந்தா அந்த லேசான புளிப்பு மீனுக்கு அருமையா இருக்கும், ஆனா அதுல மோர் தண்ணி நிறைய நிக்கும், பச்சத்தண்ணில ரெண்டு தடவ அலசி நல்லா பிழிஞ்சு ஃப்ரிட்ஜ்ல இறுக வச்சிட்டுதான் எடுக்கணும். நான் பாதி கடை வெண்ணெய் பாதி வீட்டு வெண்ணெய் போடுவேன். வெண்ணெய்க்கு பேர் போன மலைதான் இது, நீல்கிரீஸ்னு இப்ப ஊர் ஊரா கடை இருக்கே, அதுவே 1905ல இந்த மலைல வெண்ணெய் வியாபாரமா ஆரம்பிச்சதுதான்.

வெங்காயம்: வெளிநாட்டு ரெசிபில ஷேலட் ஷேலட்னு போட்டிருப்பான், அத படிச்சிட்டு சூப்பர்மார்க்கெட் சூப்பர்மார்க்கெட்டா அலையாதீங்க, நம்ம சாம்பார் வெங்காயம்தான் அது. நம்ம வீட்ல கூடைல கிடக்கறத அவங்க தேடித்தேடி காசு குடுத்து வாங்கறாங்க. பெரிய வெங்காயம் போட்டா தண்ணி விட்டுக்கிட்டு இனிப்பாயிரும்.

புளிப்புக்கு ஒயிட் வைன் போடுவாங்க, இல்லன்னா பரவால்ல. வெள்ளை வினிகர்ல அதே அளவு தண்ணி கலந்துக்குங்க, நேரா ஊத்தினா தொண்டைய புடிக்கும். ஆப்பிள் சைடர் வினிகர் இருந்தா இன்னும் நல்லது. ஒரு தடவ கிறிஸ்துமஸ்க்கு வீட்ல ஊறப்போட்ட வைன் மிச்சம் இருக்கேன்னு ஊத்தினேன், சாஸ் ரோஸ் மில்க் கலர்ல இனிப்பா வந்துச்சு, எங்க வீட்டுப் பசங்க மட்டும் சந்தோஷமா சாப்பிட்டாங்க. அத செய்யாதீங்க.

நாலு பேருக்கு அளவு இதுதான்: உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், சின்ன வெங்காயம் ஆறு, வினிகர் மூணு டேபிள்ஸ்பூன், தண்ணி மூணு டேபிள்ஸ்பூன், மிளகு ஆறேழு ஒண்ணு ரெண்டா தட்டினது, ஃப்ரெஷ் க்ரீம் ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சை பாதி. தைம்னு ஒரு வாசனை இலை, ஒரு கொத்து இருந்தா போட்டுக்குங்க, தைம் ரோஸ்மேரி எல்லாம் நம்ம மலைல விளையறதுதான், மார்க்கெட்ல இங்கிலீஷ் காய்கறி வைக்கற கடைல கேட்டுப் பாருங்க. ரோஸ்மேரி மட்டும் வேணாம், மீனையே முழுங்கிரும்.

பாத்திரம் அடி கனமான எவர்சில்வர் சட்டி. அலுமினிய சட்டில வினிகர் பட்டா ஒரு மாதிரி தகர வாசனை ஏறி சாஸ் சாம்பல் பூத்துரும், இரும்பு சட்டியும் அப்படித்தான். மண்சட்டி ஆசையாத்தான் இருக்கும், ஆனா அடுப்ப அணைச்சப்புறமும் அது பாட்டுக்கு சூடு குடுத்துக்கிட்டே இருக்கும், இந்த சாஸுக்கு அது எமன்.

இப்ப செய்முறை. வெண்ணெய ஒரு பன்னெண்டு பதினஞ்சு துண்டா வெட்டி திரும்ப ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க. வெங்காயத்த எவ்ளோ பொடியா நறுக்க முடியுமோ அவ்ளோ பொடியா நறுக்குங்க, மிக்சில போட்டா கசப்பு எறங்கும், கத்திலயே நறுக்குங்க. வெங்காயம், வினிகர், தண்ணி, மிளகு, தைம் எல்லாம் சட்டில போட்டு மிதமான தீயில வைங்க. மூஞ்சிய மேல நீட்டிப் பாக்காதீங்க, வினிகர் ஆவி கண்ணுல ஏறும். அது சுண்டி சுண்டி வெங்காயம் நனைஞ்ச மாதிரி இருந்து சட்டிய சாச்சா ரெண்டு ஸ்பூன் தண்ணி மட்டும் ஓரத்துல ஓடி வரணும், அதான் பதம். அதுக்கு மேல சுண்டவிட்டா கொழுப்பு மிதக்கறதுக்கு தண்ணியே இருக்காது, சுண்டாம விட்டா சாஸ் ரசம் மாதிரி ஓடும். ரொம்ப சுண்டிருச்சுன்னா தெரியாத்தனமா விட்டுட்டோமேன்னு கவலப்படாதீங்க, ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சுக்கலாம்.

இப்ப க்ரீம ஊத்தி ஒரு கொதி விடுங்க. சுத்தமா செய்யறவங்க க்ரீம் சேக்க மாட்டாங்க, அது ஏமாத்து வேலைன்னு கூட சொல்வாங்க, நான் போடுவேன், புதுசா செய்யறவங்க கண்டிப்பா போடுங்க, அதுல இருக்கற புரதம் பிரியாம புடிச்சுக்கும்.

அடுப்ப சிம்ல வைங்க, சிம்னா நிஜமாவே சிம். ரெண்டு துண்டு வெண்ணெய போட்டு முட்டை அடிக்கற கம்பியால, இல்லன்னா ஃபோர்க்கால, விடாம அடிங்க. அது பாதிக்கு மேல கரைஞ்சு கண்ணுக்கு மறையற நேரத்துல அடுத்த ரெண்டு துண்டு. இப்படியே. ஒவ்வொரு தடவ ஜில்லுனு வெண்ணெய் விழும்போதும் சட்டி சூடு எறங்கும், அடுப்பு ஏத்தும், இந்த ஏத்த இறக்கத்துல நடுவுல புடிச்சு வைக்கறதுதான் வேலையே. சட்டிலருந்து ஆவி வந்தாலோ ஓரத்துல குமிழி கட்டினாலோ உடனே அடுப்புலருந்து தூக்கிருங்க, தூக்கிப் புடிச்சுக்கிட்டே ரெண்டு துண்டு போட்டு அடிங்க, வெண்ணெய் கரைய மாட்டேங்குதேன்னு தோணுச்சுன்னா மறுபடி அடுப்புல ஒரு அஞ்சு செகண்ட். நான் பாதி நேரம் சட்டிய கையிலயே வச்சிருப்பேன், பாக்கறவங்களுக்கு குழந்தைய தூக்கி வச்சு ஆட்டற மாதிரி இருக்கும். தெர்மாமீட்டர் வேணும்னு இல்ல, சுண்டு விரல விட்டுப் பாருங்க, நல்லா சூடா இருக்கணும் ஆனா வெடுக்குனு இழுக்கற அளவுக்கு சுடக்கூடாது.

எல்லா வெண்ணெயும் போன உடனே அடுப்ப அணைச்சிருங்க. சாஸ் வெளிர் மஞ்சளா, ஸ்பூனோட பின்பக்கம் பூசின மாதிரி ஒட்டி, விரலால கோடு போட்டா கோடு அப்படியே நிக்கணும். இப்பதான் உப்பு பாக்கணும், எலுமிச்சை ரெண்டு சொட்டு விட்டு ருசி பாத்து இன்னும் வேணுமான்னு முடிவு பண்ணுங்க. வெங்காயத்த வடிகட்டறதா வேணாமான்னு எங்க வீட்ல பெரிய சண்டையே நடக்கும். பெரியப்பா வடிகட்டுவாரு, துரைமாருக்கு பரிமாறின பழக்கம். நான் விட்டுருவேன், பல்லுல நறுக்குனு மாட்டற அந்த வெங்காயம் எனக்குப் புடிக்கும்.

பிரிஞ்சு போச்சுன்னா? கொட்டிராதீங்க, 150 கிராம் வெண்ணெய் என்ன விலை விக்குது. ஓரத்துல எண்ணெ லேசா கசிய ஆரம்பிச்சதுமே கண்டுபுடிச்சிட்டா அடுப்புலருந்து எறக்கி ஒரு ஸ்பூன் பச்சத்தண்ணி விட்டு வேகமா அடிங்க, பாதி தடவ அதுலயே சேந்துரும். முழுசா பிரிஞ்சிருச்சுன்னா வேற கிண்ணத்துல ஒரு ஸ்பூன் க்ரீம லேசா சூடு பண்ணி எடுத்துக்கிட்டு, பிரிஞ்ச சாஸ ஆற விட்டு வெதுவெதுன்னு வந்தப்புறம், அத சொட்டு சொட்டா க்ரீம்ல விட்டுக்கிட்டே அடிக்கணும். சொட்டு சொட்டாதான், மொத்தமா கவுத்தா மறுபடி பழைய கதைதான். குளிர்ல உறைஞ்சு போனத வெதுவெதுன்னு இளக்கிட்டா அதுக்கும் இதே வைத்தியம்.

இனி நம்ம மலைக்குன்னு இருக்கற விஷயம். சாஸ செஞ்சு முடிச்சாச்சு, மீன் இன்னும் வறுக்கல, கெஸ்ட்டு இன்னும் டால்ஃபின்ஸ் நோஸ் வியூ பாயிண்ட்லருந்து திரும்பல, அதுக்குள்ள இத எப்படி காப்பாத்தறது? ஃப்ளாஸ்க். நம்ம வீட்ல டீ ஃப்ளாஸ்க் இல்லாத வீடே கிடையாது. முதல்ல கொதிக்கற தண்ணிய ஊத்தி மூடி ஒரு அஞ்சு நிமிஷம் வச்சு, தண்ணிய கொட்டிட்டு, ஒரு நிமிஷம் தெறந்து வச்சு உள்ள இருக்கற அந்தக் கொதி சூடு கொஞ்சம் அடங்கினப்புறம் சாஸ ஊத்தி மூடிருங்க. ஒரு மணி நேரம் வரைக்கும் அப்படியே இருக்கும், ரெண்டு மணி நேரத்துக்கு மேல வச்சிருக்காதீங்க, வெதுவெதுப்புல பால் சாமான் சீக்கிரம் கெடும். வாய் அகலமான ஃப்ளாஸ்க்கா இருக்கட்டும், இல்லன்னா கழுவும்போது நாக்கு தள்ளிரும். டீ வாசனை ஏறின பழைய ஃப்ளாஸ்க் வேணாம், நான் இதுக்குன்னே ஒண்ணு தனியா வச்சிருக்கேன், அதுல எங்கம்மா ஒரு நாள் தெரியாம காபி ஊத்தி வச்சிட்டாங்க, அந்த வாரம் முழுக்க வீட்ல பேச்சு வார்த்தையே சரியில்ல.

அப்புறம் தட்டு. நான் அந்த டிசம்பர்ல கோட்ட விட்டது இங்கதான். பத்து டிகிரில கிடந்த பீங்கான் தட்டுல எவ்ளோ நல்ல சாஸ ஊத்தினாலும் ஒரே நிமிஷத்துல உறைஞ்சிரும். தட்ட சுடுதண்ணி பக்கெட்ல முக்கி எடுத்து துடைச்சு உடனே பரிமாறுங்க, இல்லன்னா இட்லி சட்டில தண்ணி கொதிக்க வச்சு அது மேல மூடி மாதிரி தட்ட கவுத்து வைங்க, சுட சுட கிடைக்கும். மீனுக்கு அடியில சாஸ ஊத்தி மேல மீன வச்சா மீனோட சூடே சாஸ காப்பாத்தும், மேல ஊத்தறத விட இதான் எனக்கு சரியா வருது, மீனோட தோல் மொறுமொறுப்பும் போகாது.

எந்த மீனுக்கு? கொழுப்பு கம்மியான மீனுக்குத்தான். கொடுவா, வஞ்சிரம், சங்கரா, வவ்வால், அப்புறம் இறால், நண்டு, கணவாய். மத்திக்கும் அயிலைக்கும் ஊத்தாதீங்க, அதுலயே எண்ணெ இருக்கு, வெண்ணெயும் சேந்தா ரெண்டாவது வாய்க்கே திகட்டும், அதெல்லாம் மொளகா மசாலாக்குப் பொறந்தது. இந்த சாஸுக்கு மீன்ல மசாலாவும் கூடாது, உப்பும் மிளகும் மட்டும் தடவி தோசைக்கல்லுல வறுத்தா போதும். அவலாஞ்சி பக்கம் வெள்ளைக்காரன் காலத்துல கொண்டு வந்து விட்ட ட்ரவுட் உண்டு, கடல் மீன் இல்ல, ஆனா இந்த சாஸே ஆத்து மீனுக்குப் பொறந்ததுதானே, அது எப்பயாவது முறையா கிடைச்சா விடாதீங்க.

மீன் வாங்கற நாள் முக்கியம். நமக்கு கோயம்புத்தூர் உக்கடத்துலருந்து மேட்டுப்பாளையம் வழியா ஏறி வரும், ஊட்டி கூடலூர் பக்கம் கோழிக்கோட்டுலருந்தும் வரும். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரைல தடைக்காலம், 61 நாள், சரியா நம்ம சீசன் கூட்டம் ஏறற நேரம். அப்ப பெரும்பாலும் கேரளாப் பக்கத்து மீன்தான் கை குடுக்கும், ஜூன் 9 நள்ளிரவுலருந்து ஜூலை 31 வரைக்கும் அங்கயும் ட்ராலிங், அதாவது படகுல பெரிய வலைய இழுத்துப் புடிக்கறதுக்கு, தடை வந்துரும். அந்த மாசங்கள்ல பண்ணை இறால் வாங்கிக்குங்க, வருஷம் பூரா கிடைக்கும். நான் கடைல போன உடனே "அண்ணே, இன்னிக்கு வந்ததா நேத்து வந்ததா"ன்னு கேப்பேன், அவரும் "இப்பதான் தம்பி பெட்டிய ஒடச்சேன்"னு சொல்வாரு, எந்நேரம் போனாலும் இப்பதான் ஒடச்சிருப்பாரு, அதனால அவர் வாய பாக்காம மீனோட செவுள தூக்கிப் பாத்துக்கறது.

இறால ரெண்டு பக்கமும் சேத்து ரெண்டு மூணு நிமிஷம், சி மாதிரி வளைஞ்சா எடுத்துரணும், ஓ மாதிரி சுருண்டா ரப்பர். கணவாய் அதவிட கம்மி. நண்டு வேக வைக்கும்போது கீழ் ஊர்க்காரங்க சொல்ற நேரத்துக்கு மேல ஒண்ணு ரெண்டு நிமிஷம் கூட வைங்க, குன்னூர் 1,850 மீட்டர் உயரம், தண்ணி இங்க 94 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், ஊட்டில இன்னும் கொஞ்சம் கம்மி, அதனால கொதிக்கற தண்ணிக்கே இங்க வேகம் குறைச்சல்.

இவ்ளோ மெனக்கெட முடியாதவங்களுக்கு நான் முதல்ல சொன்ன பூண்டு வெண்ணெய். மலைப்பூண்டு நாலு பல்ல தட்டி, 50 கிராம் வெண்ணெய்ல சிம்ல பொன்னிறம் ஆகறதுக்கு முன்னாடியே அணைச்சு, மிளகுத்தூள், எலுமிச்சை, கொத்தமல்லி. மலைப்பூண்டுக்கு காரம் கூட, கை அளவா போடுங்க. பூண்டு செவந்துட்டா கசக்கும், அப்புறம் எலுமிச்சை பிழிஞ்சாலும் மறையாது.

சாஸ் மிச்சம் ஆச்சுன்னா மறுபடி வெறுமனே சூடு பண்ணி சாஸாவே கொண்டு வரலாம்னு பாக்காதீங்க, வராது. ஒரு டப்பால ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சா வெங்காயம் மிளகு போட்ட வெண்ணெய்க்கட்டியா இறுகிரும், ரெண்டு நாளைக்குள்ள தீத்துருங்க. ஊட்டி உருளைக்கிழங்க தோலோட வேக வச்சு ஒடச்சு சுடச்சுட இருக்கும்போது மேல ஒரு ஸ்பூன் போட்டுக்கலாம், பன்னுல தடவி கல்லுல வாட்டலாம். எங்கம்மா காலைல தோசைக்கு நெய்க்கு பதிலா இதத்தான் போடறாங்க, மீன் பட்டர் தோசைன்னு பேரும் வச்சிட்டாங்க, மீனே கிடையாது அதுல.